பாசி இருந்த மேடு

சிவகாசிப் பக்கத்தில் மேகம் கூடினால் யாருக்கும் சந்தோஷம் வராது. வெடிக்கு வெயில் வேண்டும். களத்தில் போட்ட சரக்கு காய வேண்டும், ஒட்டின பசை காய வேண்டும், அட்டைப்பெட்டி நமுத்துப் போகக் கூடாது. என் வீட்டுக்காரர் முருகேசன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். சீசன் நேரத்தில் காலையில் எழுந்ததும் மொட்டைமாடிக்குப் போய் மேற்கே பார்ப்பார். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால் முகம் சுண்டிப் போகும். "இன்னைக்கும் சரக்கு காயாது போல" என்பார். பக்கத்தில் நின்று நானும் அதே மேகத்தைத்தான் பார்ப்பேன். எனக்கு உள்ளுக்குள் குளிரும். அந்த மேகம் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் எனக்கு வேலை.

நான் வேலை பார்த்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த ஒரு தாவர ஆராய்ச்சி நிலையத்தில். சேர்ந்தபோது கள உதவியாளர். ஓய்வு பெற்றபோது பெயருக்கு முன்னால் 'முதுநிலை' சேர்ந்திருந்தது, வேலை அதேதான். சமீபத்தில் அந்த நிலையத்துப் பிள்ளைகள் மலை உச்சியில், நாங்கள் மேடு என்று சொல்லும் இடத்தில், ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அங்கே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்பது கீழே அவர்கள் கைபேசிக்கு வந்துவிடுகிறதாம். எனக்கும் காட்டினார்கள். நல்ல கருவிதான். "இது இல்லாத காலத்துல எப்படிப் பார்த்தீங்க, எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத, பார்த்த முறையைவிடப் பார்த்த பொருள்தான் முன்னால் வந்து நிற்கிறது.

நம் ஊரில் பாசி என்றால் கிணற்றுப் படியில் வழுக்கி விடுவது. நான் சொல்வது மரப்பாசி. அதற்கு வேர் கிடையாது. உடம்பு முழுக்க வாய். மேகம் வந்து தொட்டால் குடிக்கும். வராவிட்டால் சுருண்டு, பழுப்பாகி, காத்திருக்கும். மறுபடி ஈரம் பட்டால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்து பச்சையாகும். காய்வதற்கு அது அஞ்சாது. ஆனால் எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. சூடு கூடக்கூட அந்த எல்லை குறைந்துகொண்டே வரும்.

அப்பா திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் மெஷின்மேன். என்னை விருதுநகரில் தாவரவியல் படிக்க வைத்தார். படிப்பு முடிந்து கொஞ்ச நாள் லேபிள் எண்ணிக் கட்டுப் போட்டேன், அப்புறம் இந்த வேலை கிடைத்தது. திருத்தங்கலில் ஒரு பஸ், சிவகாசியில் ஒரு பஸ், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நிலையத்து ஜீப். பயிற்சியென்று சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. மீதியெல்லாம் எஸ்தர் மேடம்.

டாக்டர் எஸ்தர் நிலையத்து விஞ்ஞானி, நாகர்கோவில்காரர். மெலிந்த உடம்பு, கட்டைக் குரல். முதல் நாள் என் பெயரைக் கேட்டார். "வெயிலாட்சி" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "மேகத்துல வாழுற செடிக்கு வேலை பார்க்க வெயிலை அனுப்பியிருக்காங்க" என்றார். சிரிக்கவில்லை. அன்று முதல் நான் அவருக்கு 'வெயிலு'.

மேட்டுக்கு முதல் தடவை ஏறினது மறக்காது. அடிவாரத்தில் முள்ளும் கல்லும் நம் ஊர் மாதிரியே இருக்கும். மேலே போகப்போக மரம் உயர்ந்து, நிழல் கூடி, ஓரிடத்தில் காற்று மாறும். கடைசி ஏற்றத்தில் மரங்கள் குட்டையாகிவிடும். கேரளப் பக்கத்திலிருந்து மேகம் முகட்டைத் தாண்டி மரங்களுக்குள்ளேயே நடந்து வரும். ஒவ்வொரு கிளையும் நனைந்த கம்பளி போர்த்தினது போலப் பாசி போர்த்தியிருக்கும். மழை பெய்யவில்லை, ஆனால் காடு முழுக்கச் சொட்டுகிற சத்தம். கந்தக நெடியும் மை நெடியுமாக வளர்ந்தவள் நான். அங்கே நின்று மூச்சு இழுத்தபோது, இதற்கு முன்னால் இழுத்ததெல்லாம் அரை மூச்சுதான் என்று தோன்றியது.

"ரசிச்சாச்சா?" என்றார் மேடம். "குனி."

குனிவதுதான் வேலை. ஒரு மரச்சட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டியிருக்கும். அதைப் பாசிமேல் அமுக்காமல் வைக்க வேண்டும். நூலும் நூலும் சந்திக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் நேர்கீழே லென்ஸ் வைத்து, என்ன இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். பார்க்கும்போது மூச்சைப் பக்கவாட்டில் விட வேண்டும். நம் மூச்சின் ஈரம் பட்டால் காய்ந்த பாசி விரிந்துவிடும், கணக்குத் தப்பிவிடும். நான் பார்த்து முடித்ததும் அதே சட்டத்தை மேடம் பார்ப்பார், நான் சொன்னதைக் கேட்காமல். இரண்டும் ஒத்துவராத புள்ளியை மறுபடி இருவரும் சேர்ந்து பார்ப்போம். "நான் பார்த்ததை நீ பார்க்காதே. நீ பார்த்ததைச் சொல்லு" என்பார். சில சமயம் நான் சரி, சில சமயம் அவர் சரி. இரண்டுக்கும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அவரிடம் ஒரு சொல்லுக்கு மட்டும் சுலபத்தில் அனுமதி கிடைக்காது. 'செத்துருச்சு' என்று சொல்லிவிட முடியாது. 'காய்ஞ்சிருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். செத்தது என்று சொல்ல, ஓரத்திலிருந்து ஒரு நுனி கிள்ளி, சின்னத் தட்டில் தண்ணீர் தெளித்து, காத்திருந்து பார்க்க வேண்டும். விரியாவிட்டால், விரிந்தும் பழுப்பாகவே இருந்தால், அப்புறம் சொல்லலாம். தெளிப்பான் புட்டி அதற்கு மட்டும்தான். கணக்கெடுக்கிற பாசிமேல் ஒரு துளி படக்கூடாது.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பெரணி. இலை ஒரே ஓர் அடுக்கு செல்தான். விரலை அடியில் வைத்தால் ரேகை தெரியும். எங்களுக்குள் அதற்குக் கண்ணாடிப் பெரணி என்று பெயர். பாசிக்கு நடுவில்தான் அது பிழைக்கும். பாசி ஈரத்தைப் பிடித்து வைத்தால் இதற்கு உயிர்.

சில வருஷம் எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தோம். பிறகு மேடம் ஒரு சோதனை தொடங்கினார். மலையின் பாதியில் ஓரிடம் பார்த்து வைத்திருந்தார். பின்னாளில் மேடு எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டிருந்தார்களோ, ஏறக்குறைய அந்தச் சூடு அங்கே அப்போதே இருந்தது. மேட்டுப் பாசியை மெத்தையாக வெட்டி எடுத்து அந்த இடத்துக் கிளைகளில் மாட்ட வேண்டும். "பாசியை அதோட பேரப்பிள்ளைங்க காலத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றார் மேடம். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

செல்வம் அப்போதுதான் சேர்ந்தான். ராஜபாளையத்துப் பையன், முனைவர் பட்டத்துக்கு இந்தச் சோதனையைத்தான் எடுத்திருந்தான். அப்பா பஞ்சாலையில் வேலை. மகன் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். செல்வம் வெட்டுவான், நான் வலைத்தட்டில் ஏந்துவேன். ஒரு பங்கை வெட்டாமல் கிளையிலேயே விட்டோம். ஒரு பங்கை வெட்டி, மேட்டிலேயே திரும்பக் கட்டினோம். மூன்றாவது பங்கைத்தான் ஈரச்சாக்கு மூடி, வெயில் ஏறுவதற்குள் கீழே கொண்டு போனோம். கீழே போனது வாடினால், வெட்டினதால் வாடியதா, சூட்டால் வாடியதா என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் நடுப்பங்கு.

தட்டுகளுக்கு அடையாள வில்லை வேண்டியிருந்தது. என் தம்பி வேலை பார்த்த ஆப்செட் அச்சகத்தில் தேய்ந்த அலுமினியத் தகடுகள் கிடந்தன. வெட்டி, துளை போட்டு எடுத்துப் போனேன். பின்பக்கம் மங்கலாகக் காலண்டர் படத்தின் துண்டுகள் இருக்கும். ஒரு மயிலிறகு, சிவப்பு மை போன ஒரு கை, ஒரு மத்தாப்பு லேபிளின் பாதி. காற்றில் அவை திரும்பித் திரும்பி மினுங்கும். "உங்க ஊரு சாமியெல்லாம் காடு ஏறிட்டாங்க" என்றான் செல்வம்.

கீழே கொண்டு போனவற்றில் முதலில் செத்தது கண்ணாடிப் பெரணி. அடுத்து, கிளையிலிருந்து தொங்கும் தாடிப்பாசி. பின்னால் ஒரு விஷயம் நடந்தது, யாரும் எதிர்பார்க்காதது. மெலிந்த பாசி மெத்தையிலிருந்து சின்னச்சின்ன முளைகள் எழுந்தன. மரக்கன்றுகள், கொடிகள். பறவை போட்ட விதைகள் பல காலமாக அந்தக் குளிர்ந்த மெத்தைக்குள் தூங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. பாசி செத்ததும் விழித்துக்கொண்டன. செல்வம் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, இது ஒண்ணு போதும்க்கா எனக்கு" என்றான். மேட்டிலேயே திரும்பக் கட்டினவை செழிப்பாக இருந்தன. ஆகவே வெட்டினதால் அல்ல, சூட்டால்தான். கேள்விக்குப் பதில் வந்துகொண்டிருந்தது.

அடுத்த ஆனியில் மேட்டுக்குப் போனோம். கேரளப் பக்கத்திலிருந்து மேகம் வந்தது. இறங்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே, நம் ஊரில் நிற்காத எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தால் வெள்ளையாகத் தெரிகிறது. கையை நீட்டினால் காய்ந்த காற்று. ஒரு நாள் அப்படி இருக்கும் என்று நினைத்தோம். ஆடியிலும் அப்படித்தான். அந்த வருஷம் மேகம் மேட்டைத் தொட்ட நாட்கள் கொஞ்சம்தான். மறு வருஷமும் அதே கதை.

மேட்டில் கட்டின நடுப்பங்கும் பழுப்பானது. முதலில் கண்ணாடிப் பெரணி, பிறகு தாடிப்பாசி. கீழே எந்த வரிசையில் போனதோ அதே வரிசை. நான் நுனி கிள்ளித் தட்டில் வைத்தேன். விரியவில்லை. "செத்துருச்சு மேடம்" என்றேன். "இன்னொரு தடவை பாரு" என்றார். பார்த்தேன். கடைசியில் நாங்கள் கத்தியே வைக்காமல் விட்ட கிளையில், மெத்தை ஓரமாக ஒரு முளை எழுந்து நின்றது. செல்வம் அதைப் பார்த்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கிருந்தே பேசினான். "மேடம், மேட்டுல இருக்கறதும் கீழ இருக்கறதும் ஒண்ணாயிட்டா எதை எதோட ஒப்பிட? பள்ளத்துப் பக்கம் இன்னும் ஈரமா இருக்கு. அங்கன இருந்து புதுசா வெட்டிக் கட்டிருவோம். மறைக்க வேண்டாம், மாத்தினோம்னு எழுதியே வைப்போம்."

"எழுதினாலும் பள்ளம் பள்ளம்தான். மேடு ஆகாது."

"அப்ப நான் செஞ்சது அம்புட்டும்?"

"ஒப்பிட ஒண்ணும் மிஞ்சலைன்னா அதுதான் முடிவு. அதை எழுது."

"சோதனை கெட்டுப்போச்சுன்னுதான் சொல்வாங்க மேடம். உங்களுக்குப் பேரு இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

அவன் பையை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனான். மேடம் அவனைக் கூப்பிடாதது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. அப்புறம் பார்த்தால், அவர் கையில் தெளிப்பான் புட்டி இருந்தது. கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு கண்ணாடிப் பெரணிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். இலை சுருண்டு, இன்னும் கொஞ்சம் பச்சை இருந்தது.

"தெளிக்கட்டுமா வெயிலு?"

அவர் என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரி அதற்கு முன் எதையும் கேட்டதில்லை. தெளிங்க என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அதற்குள் அவரே பேசினார்.

"தெளிச்சா இன்னைக்குப் பச்சையா இருக்கும். நாளைக்கு யார் வந்து தெளிக்கிறது? இந்த மலை பூராவும் யார் தெளிக்கிறது?"

புட்டியின் மூடியைத் திருகிப் பைக்குள் வைத்தார். எழுந்திருக்கக் கை நீட்டினார், பிடித்துத் தூக்கிவிட்டேன். அவ்வளவுதான்.

செல்வம் மறு வாரம் வந்துவிட்டான். அவனாகவே சட்டத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். மேலிடத்தில் சோதனையை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கடைசிக் கணக்கெடுப்புக்கு மூவரும் ஏறினோம். எப்போதும் போலவே நூல் சந்திகளைப் பார்த்தோம், இரண்டு தடவை பார்த்தோம். கடைசிப் புள்ளியைச் சொன்னதும் மேடம் கேட்டார், "எழுதியாச்சா?"

"எழுதியாச்சு மேடம்" என்றான் செல்வம்.

"அப்ப இனிமே இது யாரோட சோதனையும் இல்ல" என்று சொல்லி, தெளிப்பானை எடுத்து, மூடியையே கழற்றிப் பாசிமேல் ஊற்றினார். செல்வம் அவரையும் என்னையும் பார்த்தான். பிறகு தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தான். நானும் திறந்தேன். குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் கிளை கிளையாக ஊற்றினோம். குட்டையான மெத்தைப்பாசி கண்ணெதிரே விரிந்தது. பழுப்புக்குள்ளிருந்து பச்சை வந்தது, யாரோ உள்ளே விளக்குப் போட்டது மாதிரி. தாடிப்பாசி நனைந்து கனத்துத் தொங்கியது, நிறம் மாறவில்லை. கண்ணாடிப் பெரணி ஈரக் காகிதம் போல என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேடம் பச்சையான மெத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாங்க, போவோம்" என்றார். நாக்கு வறள வறள இறங்கினோம்.

செல்வம் நடந்ததை நடந்தபடியே எழுதினான். யாரும் தூக்கிக்கொண்டு இறங்காமலே மேடு கீழே இறங்கிவிட்டது என்பதுதான் அவன் ஆய்வின் சாரம். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றித்தான் நெடுநேரம் கேட்டார்களாம். பட்டம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. அப்பா உயிரோடு இருந்து பார்த்தார். இப்போது வடக்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறான். மேடம் ஓய்வு பெற்று நாகர்கோவில் போய்விட்டார்.

நான் இன்னும் சில வருஷம் ஏறி இறங்கினேன். அடிவாரத்தில் மட்டும் பார்த்திருந்த உண்ணிச்செடி மேட்டுப் பாதையோரம் பூத்திருந்தது. கிளைகளில் மெத்தைப்பாசியும் கன்றுகளும். காடு அழிந்துவிடவில்லை, அப்படி யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் எவ்வளவு பசுமை என்றுதான் சொல்வார்கள். சொல்வதும் பொய் இல்லை. எது இல்லை என்பது முன்னால் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லப் போனால் என்னவோ வீட்டில் காணாமல் போன பொருளைப் பற்றி விருந்தாளியிடம் புலம்புகிற மாதிரி இருக்கும்.

ஓய்வு பெறுகிற மாதம் நிலையத்தில் அனுமதி வாங்கி வீட்டுக்காரரையும் கூட்டிப் போனேன். அவரும் அப்போது வேலையை விட்டிருந்தார். மூச்சு வாங்க ஏறி வந்து, சுற்றும் முற்றும் பார்த்தார்.

"இங்கன என்ன குறைச்சல்? அம்புட்டும் பச்சையாத்தான இருக்கு" என்றார்.

எப்படி விளக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு மரத்தில் கை வைத்து, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்.

"மழை இல்லாமலே சொட்டுற சத்தம் கேக்கும்னு சொல்லுவியே. அது கேக்கலையே வெயிலு."

இத்தனை வருஷம் சோறு போடும்போது நான் பேசினதையெல்லாம் இவர் காதில் வாங்கவில்லை என்று நினைத்திருந்தேன். "ஆமாங்க, அதுதான் இல்லை" என்றேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இறங்கும்போது அவருக்குக் கால் பிடித்துக்கொண்டது. பாதையை விட்டு விலகி, வடக்கு பார்த்த ஒரு பாறைச் சரிவில் உட்கார வைத்தேன். பாறை வெடிப்பில் நீர் கசிந்துகொண்டிருந்தது. வெயில் எந்த நேரத்திலும் எட்டாத இடம். உள்ளே எட்டிப் பார்த்தேன். கண்ணாடிப் பெரணி. கையளவு இருக்கும். பின்னாலிருந்த பாறையின் நிறம் இலை வழியே தெரிந்தது. நான் அழுவதைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். "என்னம்மா, எங்கயும் அடிபட்டுருச்சா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மேடத்துக்குப் போன் போட்டேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. இரண்டு தடவை சொன்ன பிறகுதான் புரிந்தது.

"உயிரோட இருக்கா?"

"இருக்கு மேடம்."

"எந்தத் திசை பார்த்து இருக்கு?"

"வடக்கு. பாறையில ஊத்து கசியுது."

"இடத்தை ஸ்டேஷனுக்குச் சொல்லிரு. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஆள் போய்ப் பார்த்தா போதும்" என்றார். "நீ போகாதே வெயிலு."

"ஏன் மேடம்?"

"ஒரு தடவை போனா இன்னொரு தடவை போவே. அந்தச் சரிவுல தடம் விழுந்துரும். உனக்கு அங்க இனிமே வேலை இல்ல. ஆசைக்குப் போற இடம் இல்ல அது."

அவர் சொன்னது சரி. நிலையத்தில் இடத்தைச் சொல்லிவிட்டேன். ஆனி பிறந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் திருத்தங்கல் ரோட்டில் போகிற சத்தம் கேட்டாலே கால் பரபரக்கிறது. நான் போகவில்லை.